பார்ப்பதும் குறிவைப்பதும்

எங்களில் ஒருவன் துவக்கு வாங்கினான்.

இப்படியொரு வசனத்தை எழுதியதுமே வாசிப்பவர்களிற் சிலர் நிமிர்ந்து உட்காரக்கூடும். துவக்கு என்ற சொல் எங்கள் மத்தியில் தனியே வருவதில்லை. யாரோ ஒருவருடைய பெயரையும் ஏதோவோர் ஆண்டையும் கூட்டிக்கொண்டுதான் வரும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இது வேட்டைத் துவக்கு. நோர்வேயின் நடுப்பகுதியில், திரொண்டலாக் மாகாணத்தின் உட்புறப் பள்ளத்தாக்கொன்றில், மர ஆலையில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்துவருகிற, நாரிப்பிடிப்பும் மூன்று பிள்ளைகளும் உள்ள நண்பன், 2021ஆம் ஆண்டு வசந்தத்தில், பொலிசாரின் அனுமதிப் பத்திரத்தோடு கடைக்குப் போய் வாங்கிய .30-06 துவக்கு. எல்க் வேட்டைக்காக.

எல்க்கைப் பாராதவர்களுக்கு: அதுவும் மான் இனம்தான் (கனடாவில் இருப்பவர்கள் மூஸ் என்பார்கள்). ஆனால் மான் என்றதும் எங்கள் மனதில் எழுகிற நளினம் எதுவும் அதற்கில்லை. குதிரையளவு உயரம், கவிழ்ந்த மூக்கு, கழுத்தின் கீழே தொங்கும் தாடி. நன்கு வளர்ந்த ஆண் 400, 500 கிலோ நிறுக்கும். இங்கே பெரும்பாலான இடங்களில் வேட்டை தொடங்குவது செப்ரெம்பர் 25இல். உட்கிராமங்களில் அந்த நாள் எங்களுடைய தைப்பொங்கலுக்குச் சமம். அந்த வாரத்தில் மர ஆலை அரைவாசி வெறிச்சோடிவிடும். 1988இல் வந்த நண்பன், தமிழனாகவும் துவக்கில்லாதவனாகவும் அந்த வாரங்களில் ஆலையில் தனித்து நின்று பழகியவன். ஒருநாள் அவர்கள் கேட்டார்கள், நீயும் வாவன் என்று. இந்த நாட்டில் ஒருவன் ஊர்க்காரனாவதற்குக் கடவுச்சீட்டு ஒரு படி. வேட்டைக்குழுவில் நிற்பதற்கு ஒரு போஸ்ற் கிடைப்பது அதற்கும் மேலே சில படி.

விரும்பியவுடன் போய்ச் சுடவும் முடியாது. 1986 முதல் இங்கே வேட்டைக்காரராவதற்குப் பரீட்சை கட்டாயம். அது போதாதென்று பெருமிருக வேட்டைக்கு ஒவ்வோர் ஆண்டும் சுடும் பரீட்சை வேறு. முப்பது பயிற்சி வெடி வைத்தபின், 100 மீற்றர் தூரத்தில் மானுருவம் வரைந்த பலகையில் ஐந்து வெடி. ஐந்தும் உரிய இடத்தில் படவேண்டும். நண்பன் இவையெல்லாம் தேறினான். துவக்கு வாங்குவதற்கும் ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. அதன் முதுகில் பூட்டும் ஸ்கோப்பைத் தெரிவுசெய்யத்தான் மூன்று மாதம் எடுத்தது.

அந்த மூன்று மாதமும் அவன் வீட்டுக் குசினி மேசையில் நாங்களும் இருந்தோம். எங்களில் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடாதவர். இன்னொருவர் கோழி உரிப்பதைக்கூடப் பார்க்கமாட்டாதவர். இப்படிப்பட்டவர்களுக்கு அங்கே என்ன அலுவல் என்று கேட்கலாம். கண்ணாடியைப் பற்றித் தொடங்கிய கதை கண்ணாடியோடு நிற்கவில்லை என்பதுதான் பதில்.

ஸ்கோப்பின் உடலில் 1.5–6×42 என்றோ 3–12×56 என்றோ பொறித்திருக்கும். முன்னால் உள்ள இரண்டு எண்களும் அது எத்தனை மடங்கிலிருந்து எத்தனை மடங்குவரை பெருப்பித்துக் காட்டும் என்பதைச் சொல்கின்றன. ஒரு வளையத்தைத் திருகி அவற்றுக்கிடையில் விரும்பிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம். கடைசி எண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். நண்பனுடைய கண் 3–12×56இல் விழுந்திருந்தது. கூடக் காட்டுவது நல்லது என்பது எவருக்கும் முதலில் தோன்றுகிற எண்ணந்தான். ஆனால் அவன் அதற்குச் சொன்ன காரணம் வேறு.

“ஒரு சீவனைச் சுடப்போறன் எண்டால் அதை வடிவாப் பார்த்துத்தானே அண்ணை சுடவேணும். அரைகுறையாப் பார்த்துச் சுடுறதுதான் பாவம்.”

இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. குழுவுக்குக் கிடைக்கும் அனுமதியில் இத்தனை கன்று, இத்தனை பெண், இத்தனை ஆண் என்று எழுதியிருக்கும். தாயும் கன்றும் சேர்ந்து நின்றால் கன்றைத்தான் முதலில் சுடவேண்டும் என்பது முறை. கேட்கக் கொடூரமாயிருக்கிறது. ஆனால் தாயை இழந்த கன்றுக்குப் பனிக்காலத்தில் என்ன நடக்கும் என்பதை எண்ணி வந்த முறை அது. மங்கல் வெளிச்சத்தில் எது கன்று, எது ஒரு வயது கடந்தது என்று பிரித்தறியக் கண் வேண்டும். பிறகு, குண்டு படவேண்டிய இடம் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டில். ஒரு சாண் தவறி வயிற்றில் பட்டால் மிருகம் காட்டுக்குள் ஓடி, கிடந்து, மெல்லச் சாகும். அதற்காகவே ஒவ்வொரு குழுவும் காயப்பட்ட மிருகத்தைத் தேடப் பழக்கிய நாயொன்றைக் கைக்கெட்டும்படி வைத்திருக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கொல்வதென்றால் தெரிந்து கொல், துன்புறுத்தாமல் கொல் என்பது கொல்லுகிறவனின் அறம். அந்த அறத்தின்படி பார்த்தால் பன்னிரண்டு மடங்கு ஆறு மடங்கைவிட இரண்டு மடங்கு நல்லதாகத்தான் இருக்கவேண்டும்.

வேட்டைக்குழுத் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். எழுபத்துநான்கு வயது. எங்கள் தேநீரை மரியாதையாக மறுத்துக் கோப்பி கேட்டு வாங்கினார். விலைப்பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து, குசினிக் கடதாசி சுற்றிவருகிற வெற்று மட்டைக்குழாயை எடுத்து நண்பனிடம் கொடுத்தார். நண்பனின் கடைசிப் பிள்ளையைக் கூப்பிட்டு அறைக்குள் ஓடச் சொன்னார். “இதாலே அவளைப் பார்த்துக்கொண்டே இரு. மற்றக் கண்ணை மூடு.” பிள்ளை நாலு அடி ஓடியதும் குழாய்க்குள் சுவர்தான் இருந்தது. பிள்ளை சிரித்தாள். நண்பன் குழாயை அங்குமிங்கும் ஆட்டித் தேடினான். கிழவர் சிரிக்கவில்லை.

பிறகு கணக்குச் சொன்னார். 12 மடங்கில் வைத்தால் 100 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய மூன்றரை மீற்றர் அகலந்தான் தெரியும். 1.5 மடங்கில் 20 மீற்றருக்கு மேல் தெரியும். இந்தக் காட்டில் தான் சுட்டவற்றுள் அநேகமானவை 100 மீற்றருக்குள்தான் என்றார். 40 மீற்றரில் எல்க் வந்து நின்றால் 12 மடங்கில் ஒன்றரை மீற்றர்கூடத் தெரியாது. பாதி எல்க்கே உள்ளே வராது. மயிர்தான் தெரியும். அது எந்தப் பக்கத்து மயிர் என்று சொல்ல அதிர்ஷ்டம் வேண்டும்.

வெளிச்சம் பற்றியும் கதைத்தார். இதில் எங்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம். முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது கண்ணுக்குள் விழும் ஒளிவட்டத்தின் அளவு. 42ஐ 6ஆல் வகுக்க 7 மில்லிமீற்றர். 56ஐ 12ஆல் வகுக்க ஐந்துக்கும் சற்றுக் குறைவு. இளைஞனின் கண்மணி இருளில் 7 மில்லிமீற்றர்வரை விரியும். ஐம்பதைக் கடந்தவர்களிற் பலருக்கு 5க்கு மேல் விரியாது. அதாவது பெரிய வில்லை கூட்டிக் கொடுக்கும் ஒளி முழுவதையும் வாங்கிக்கொள்ள எங்கள் கண்ணுக்கே இப்போது இடமில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தது தேவையற்ற வேலை. அதோடு 56இன் பருமனுக்கு ஸ்கோப்பை உயர்த்திப் பூட்டவேண்டும். உயர்த்தினால் கன்னம் துவக்கின் கட்டையில் பதியாது. கன்னம் பதியாவிட்டால் குறி ஒவ்வொரு தடவையும் வேறாகும். குறுக்குக்கோடு முன்தளத்திலா பின்தளத்திலா இருப்பது என்று ஒரு பெரிய விவாதமும் உண்டு. முன்தளத்தில் இருந்தால் இலக்குப் பெருக்கக் கோடும் கூடப் பெருக்கும், பின்தளத்தில் இருந்தால் கோடு அப்படியே நிற்கும். ஐரோப்பியர் முன்னதையும் அமெரிக்கர் பின்னதையும் கையாண்டு வந்தார்கள். காட்டுக்குள் அரை நிமிட அலுவலுக்கு இதில் பெரிய வித்தியாசமில்லை என்பது கிழவரின் தீர்ப்பு.

ஒன்றை மட்டும் அவர் சற்று நிறுத்திச் சொன்னார். பெருக்கம் மிருகத்தை மட்டும் பெருப்பிப்பதில்லை, உன்னையும் பெருப்பிக்கும். 12 மடங்கில் குறுக்குக்கோடு உன்னுடைய நாடித்துடிப்புக்கு ஆடுவதைப் பார்ப்பாய். அதைப் பார்த்துப் பயந்து நிற்கும்போது மிருகம் போய்விடும். 1.5இல் வை. இரண்டு கண்ணையும் திறந்து வை. ஒரு கண்ணில் குறி, மறு கண்ணில் காடு. மிருகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். மண்மேடு இருந்தால் சுடு. வானம் இருந்தால் சுடாதே. குண்டு மிருகத்தோடு நிற்காது, கிலோமீற்றர் கணக்கில் போகும்.

கிழவர் போனபின் எங்களுக்கு அருச்சுனன் ஞாபகம் வந்தான். துரோணர் மரத்திலே ஒரு பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். மற்றவர்கள் மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது, நீங்கள் தெரிகிறீர்கள் என்றார்கள். அருச்சுனன் பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்றான். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லாத வாத்தியார் எங்களில் எவருக்கும் வாய்க்கவில்லை. கவனத்துக்கு இலக்கணம் என்று படித்தோம். கிழவர் அங்கே இருந்திருந்தால் அருச்சுனனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மரமும் கிளையும் ஆசிரியரும் தெரிகிறார்கள் என்றவனுக்குப் போஸ்ற் கொடுத்திருப்பார். துரோணர் வைத்தது உயிரில்லாத செய்பறவை என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். செய்பறவைக்குக் கண் மட்டும் தெரிந்தால் போதும்.

இவ்வளவும் கேட்டபின் நண்பன் எதை வாங்கினான் என்று நினைக்கிறீர்கள்? 3–12×56. பாதி விலைக்குக் கழிவு போட்டிருந்தார்கள். கழிவு விலை என்ற அறிவித்தலின் முன்னால் நின்றுபிடிக்கக்கூடிய தத்துவம் எங்கள் சனத்திடம் இன்னும் உருவாகவில்லை.

வேட்டையின் மூன்றாம் நாள் அது நடந்தது. நடந்தது என்பதே பிழையான சொல். ஒன்றும் நடக்கவில்லை.

அவனுக்குச் சேற்றுவெளி ஒன்றின் ஓரத்தில் போஸ்ற். போஸ்ற் என்பது ஒருவன் அசையாமல், சத்தம் போடாமல், மணிக்கணக்காக ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டிய இடம். (எங்கள் ஊரில் இதற்குச் சென்றி என்று பெயர்.) தூரத்தில் நாய் குரைத்து ஓய்ந்தது. சேற்றுவெளிக்கு அப்பால், 150 மீற்றர் அளவில், தேவதாரு மரங்களுக்கிடையில் மண்ணிறமாக ஏதோ அசைந்தது. அவன் துவக்கை உயர்த்தி ஸ்கோப்பால் பார்த்தான். வளையம் 12இல் இருந்தது. முதலில் மண்ணிறம் மட்டும். பிறகு அது கம்பளி நூல். பிறகு ஒரு கை. அந்தக் கை குனிந்து குனிந்து சிவப்புப் பழங்களைப் பறித்தது. செப்ரெம்பரில் காட்டுத் தரையில் பழுக்கும் துய்த்தபேர்ப் பழம். பிறகு ஒரு வயதான பெண்ணின் முகம். உதடுகள் அசைந்தன. தனக்குள் பாடினாரோ, நாயோடு பேசினாரோ தெரியாது. குறுக்குக்கோடு அவருடைய கழுத்தில் இருந்தது. அவனுடைய நாடித்துடிப்புக்கு அது ஆடியது.

இரண்டு செக்கன் இருக்கும். துவக்கின் பூட்டுப் போட்டபடியே இருந்தது, விரல் வெளியில் இருந்தது. அவன் துவக்கை இறக்கி, குண்டுகளைக் கழற்றி, ஈரத்தரையில் இருந்துவிட்டான். வானொலிக் கருவியில் கிழவருக்குச் சொன்னான். கிழவர் ஏசவில்லை. “பைனாகுலர் எங்கே?” என்று மட்டும் கேட்டார். அது முதுகுப்பைக்குள் இருந்தது.

அன்றிரவு குசினி மேசையில் அவன் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். “அவ என்னைப் பார்க்கேல்லை அண்ணை. அவவுக்குத் தெரியாது.” ஒரு விபத்தும் நிகழவில்லை, சட்டத்துக்கு முன்னும் பெரிதாக ஒன்றுமில்லை என்று நாங்கள் தேற்றிப் பார்த்தோம். அவன் தலையாட்டினான். பிறகு 1986ஆம் ஆண்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.

ஊரில் முகாமுக்கு எதிரே போகும் ஒழுங்கை. அந்த இடம் வந்ததும் சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். ஓடக்கூடாது, நிற்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. மண்மூட்டைகளுக்கு மேலே ஒரு கண்ணாடி மினுங்கும். அது சும்மா பார்க்கும் கண்ணாடியா, துவக்கில் பூட்டிய கண்ணாடியா என்று ஒழுங்கையில் நிற்பவனுக்குத் தெரியாது. வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கும், பனங்கிழங்கு விற்கப் போன கிழவிக்கும் அந்த நூறு யார் தூரத்தில் பிடரி தனியாக ஓர் உறுப்பாகிவிடும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெடியன் எந்த மொழி பேசினான், பின்னர் வந்த வருடங்களில் அதே இடத்தில் எந்தெந்தச் சீருடைகள் மாறிமாறி இருந்தன என்பது இங்கே முக்கியமில்லை. அந்தப் பிடரியை எங்கள் எல்லாருக்கும் தெரியும். இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்களிலும் அநேகருக்குத் தெரியும்.

“நான் இப்ப அங்காலைப் பக்கம் நிண்டிட்டன்,” என்றான் நண்பன்.

அந்தச் சென்றிப் பெடியனும் ஒருவேளை எங்களைச் சுடுவதற்காகப் பார்க்கவில்லை. யார் வருகிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்று அறிவதற்காகவே பார்த்திருக்கலாம். நண்பனும் அந்தப் பெண்ணைச் சுட எண்ணவில்லை. என்ன அசைகிறது என்று அறிய எண்ணினான். இருவரிடமும் இருந்த தவறு எண்ணத்தில் இல்லை. அறிவதற்கு அவர்கள் கையில் எடுத்த கருவி, கொல்லுவதற்கான கருவியாகவும் இருந்தது. ஸ்கோப்பால் எதையும் சும்மா பார்க்க முடியாது. பார்க்கிற இடத்திலேதான் குழல் நிற்கும். கேள்வியைக் கேட்கும்போதே தண்டனையும் அங்கே போய் நின்றுவிடுகிறது.

வேட்டைக்காரர்களின் பழைய விதி இதனாலேதான் அவ்வளவு கண்டிப்பானது: ஸ்கோப்பைப் பைனாகுலராகப் பாவிக்காதே. முதலில் பைனாகுலரால் பார். என்ன, எத்தனை, கன்றா, தாயா, பின்னால் யாராவது உண்டா என்று அறிந்துகொள். அறிந்து முடிந்து, சுடுவது என்று தீர்மானித்த பிறகே துவக்கை உயர்த்து. இது பாதுகாப்புக் குறிப்பாகத்தான் பரீட்சைப் புத்தகத்தில் வரும். நாங்கள் இதை அறவிதியாக வாசிக்கிறோம். அறியும் கருவி வேறு, கொல்லும் கருவி வேறு என்று பிரித்து வைத்தால், ஒன்றைக் கீழே வைத்து மற்றதை எடுக்கிற அந்தச் சில கணங்கள் மனிதனுக்கு மிஞ்சும். எடுக்காமல் விடுவதற்கும் அந்தக் கணங்களில் இடமுண்டு. பெருக்கம் மாற்றும் ஸ்கோப்பின் சோதனையே இங்கேதான். 3 முதல் 12 வரை, 5 முதல் 25 வரை என்று அது விரிய விரிய, ‘பைனாகுலர் எதற்கு, எல்லாம் என்னிடமே இருக்கிறது’ என்று அது சொல்லத் தொடங்குகிறது. 1.5–6இல் தொலைவில் உள்ள மண்ணிறம் மண்ணிறமாகவே நிற்கும். அது தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டு மற்றக் கருவியைத் தேடவேண்டியிருக்கும். ஸ்கோப்பின் குறைபாடு வேட்டைக்காரனுக்குப் பாதுகாப்பாகிறது.

ஒர்த்தேகா இ கஸெத் என்ற ஸ்பானிய மெய்யியலாளர் 1942இல், லிஸ்பனில் புலம்பெயர்ந்து இருந்த காலத்தில், நண்பரொருவரின் வேட்டை நூலுக்கு நீண்ட முன்னுரை எழுதினார். பின்னர் அது தனி நூலாகவே வாசிக்கப்பட்டது. மனிதனின் ஆயுதம் வளர வளர, வேட்டை வேட்டையாக இருக்கவேண்டுமானால் அவன் தன் வலிமைக்குத் தானே எல்லை கட்டவேண்டும் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. இன்னொன்று எங்களுக்கு இதைவிடப் பிடித்தது: வேட்டைக்காரனின் கவனம் ஒரு புள்ளியில் குத்திட்ட கவனமல்ல, எங்கிருந்து எது வருமென்று தெரியாததால் எல்லாத் திசைக்கும் திறந்திருக்கும் விழிப்பு என்கிறார். கிழவரின் இரண்டு கண்ணும் இதுதான். நாடு விட்டு வந்த ஒருவர், உலகப்போரின் நடுவே, வேட்டையைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதினார் என்று முன்பு வியந்ததுண்டு. இப்போது வியப்பில்லை.

போர் இந்தக் கண்ணாடியை வேட்டைக்காரரிடமிருந்தே கற்றுக்கொண்டது. முதலாம் உலகப்போரில் பிரித்தானியப் படைக்கு மறைந்திருந்து சுடுவதைக் கற்பித்து, 1916இல் அதற்கென்று பயிற்சிக்கூடமும் நடத்திய ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் பேர்போன பெருமிருக வேட்டைக்காரர். 1920இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் எங்கள் வாதத்தைக் கலக்குகிற ஒரு விஷயம் இருக்கிறது. அவர் ஆட்களைச் சோடியாக வைத்தார். ஒருவன் தொலைநோக்கியால் பார்ப்பான், மற்றவன் சுடுவான். அறியும் கருவியும் கொல்லும் கருவியும் அங்கேயும் பிரிந்துதான் இருந்தன. பிரிந்தபடியால் கொலை குறையவில்லை, திறமையாக நடந்தது. பின்லாந்தின் சிமோ ஹாய்ஹா 1939–40 பனிக்காலப் போரில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டதாகச் சொல்வார்கள். அவர் ஸ்கோப்பே வைத்திருக்கவில்லை. ஸ்கோப் என்றால் தலையைச் சற்று உயர்த்தவேண்டும், குளிரில் கண்ணாடி புகார் கட்டும் என்று வெறும் இரும்புக் குறியோடு படுத்திருந்தார். போருக்கு முன்னும் பின்னும் அவர் வேட்டைக்காரர். 2002இல் காலமானார். ஆகவே கருவியைச் சரியாகத் தெரிந்தால் அறம் தானாக வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. கருவி இடைவெளியைத் தரலாம். அந்த இடைவெளியில் நின்று யோசிப்பதா வேண்டாமா என்பதை அது சொல்லாது.

எங்கள் பழங்கதைகளில் வரும் வேட்டைப்பிழைகளும் இதையேதான் மூன்று விதமாகச் சொல்கின்றன. தசரதன் இருளில், யானை நீர் குடிக்கிறது என்று நினைத்து, ஒலியைக் குறிவைத்து எய்தான். குடத்தில் நீர் மொண்ட பிள்ளை விழுந்தான். அவன் பார்க்கவேயில்லை. வன்னியில் மிருகம் போகும் தடத்துக்குக் குறுக்கே கம்பி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு இந்தச் சாதி. காலில் கம்பி இடறினால் வெடிக்கும், பன்றியா பிள்ளையா என்று கேட்காது. சரன் என்ற வேடன் புதருக்குள் கண்ணனின் பாதத்தை மட்டும் கண்டு மானென்று எய்தான். அவன் பார்த்தான், ஆனால் ஒரு துண்டைப் பார்த்தான். பன்னிரண்டு மடங்குக்காரன் அவன்தான். பாண்டுவின் கதை வேறு. கூடியிருந்த மான் இணையை நன்றாகப் பார்த்தே எய்தான். மான் வடிவில் இருந்தவர் ஒரு முனிவர். பார்வையில் குறையில்லாதவன் செய்த பிழை அது. அதற்குக் கண்ணாடிக் கடையில் மருந்தில்லை.

வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத நண்பர் இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: “எந்தக் கண்ணாடி எண்டாலும் அங்காலை நிக்கிறது சீவன்தானே?” திருவள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார் என்பது அவருடைய பலம். நாங்கள் விவாதித்தோம். எல்க்கை வேட்டையாடாவிட்டால் இளம் பைன் காடு தின்று முடிக்கப்படும், றோட்டிலும் தண்டவாளத்திலும் மோதல்கள் கூடும், கடையில் பொலித்தீனில் சுற்றி வாங்குகிற இறைச்சியை யாரோ முகம் பாராமல் கொன்றுதான் வருகிறது என்றெல்லாம் சொன்னோம். அவர் எல்லாவற்றுக்கும் ஓமோம் என்றார். கேள்வி அப்படியே இருந்தது. அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டுரையிலும் பதில் இல்லை.

நண்பன் அந்த வருடம் மீண்டும் காட்டுக்குப் போகவில்லை. பனிக்காலத்தில் 3–12×56ஐ நட்டத்துக்கு விற்று, பாவித்த 1.5–6×42 ஒன்று வாங்கினான். பைனாகுலரைப் பையிலிருந்து எடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறான். 2022இல் அறுபது மீற்றரில் ஒரு கன்று. இரண்டு கண்ணும் திறந்திருந்தன என்றான். கன்று விழுவதை எவ்வளவு விரும்பாவிட்டாலும் முழுதாகப் பார்க்கவேண்டியிருந்தது என்றும் சொன்னான். இறைச்சியில் ஒரு பங்கு எங்கள் வீடுகளுக்கும் வந்தது. மிளகாய்த்தூள் நிறையப் போட்டால் ஊர் மரை இறைச்சிக்குக் கிட்ட வரும்.

மிஞ்சியிருப்பது அந்தப் பெண்மணி. சிறிய ஊர். யாரென்று அவனுக்கு ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. கடையில் வரிசையில் நிற்கும்போது உதடுகள் அசைவதைக் கண்டு பிடித்துக்கொண்டான். அவரிடம் சொல்லவேண்டுமா என்பதுதான் எங்களுக்கிடையில் இன்னும் நடக்கிற வழக்கு. தன் கழுத்தில் குறி இருந்ததை அறிய அவருக்கு உரிமை உண்டு, நாங்கள் ஒழுங்கையில் அந்த உரிமையைத்தானே கேட்டோம் என்கிறார் ஒருவர். சொன்னால் அவன் பாரத்தை இறக்கி வைப்பான், அந்த மனிசி இனிக் காட்டுக்குள் பழம் பறிக்கையில் பிடரியைச் சுமந்து திரிவார், அது என்ன நியாயம் என்கிறார் மற்றவர். நண்பன் இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். கடையில் அவரைக் கண்டால் வரிசையில் தன்னுடைய இடத்தை அவருக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய் நிற்கிறான். ஒவ்வொரு முறையும். போன கிழமை அவர் திரும்பி, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டாராம்.